மலைச்சரிவில் ஒரு சமதரை

இலங்கையின் மலையகத்தில் சமதரை கிடைப்பது பெரும் பாக்கியம். வீடு கட்டுவதற்கும் பிள்ளைகள் பந்து விளையாடுவதற்கும் திருவிழாப் பந்தல் போடுவதற்கும் எங்கள் சனம் காலங்காலமாகத் தேடி அலைந்தது அதைத்தான். சரிவின் நடுவே தட்டையாக ஓர் இடம், பக்கத்திலேயே வற்றாத ஊற்று, பீலி போட்டால் வாசலுக்கே தண்ணீர். யாருக்குத்தான் ஆசை வராது? புவிச்சரிதவியல் படித்து, ஆறுகளையும் நிலவுருவங்களையும் ஆராய்வதைத் தொழிலாக்கிக்கொண்ட பிறகு, அப்படியோர் இடத்தைக் கண்டவுடன் என் மனத்தில் எழுவது ஒரே கேள்விதான். சுற்றிலும் செங்குத்தாக இருக்கும்போது இந்த இடம் மட்டும் எப்படிச் சமமாயிற்று?

அதற்கு விடை தேடிப் போனதில்தான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள், மாடசாமி கோயில்கள், மயானங்கள், பழைய கல் கட்டுகள் எல்லாம் என் ஆய்வுக் குறிப்பேட்டுக்குள் வந்து சேர்ந்தன. தலவாக்கலை, லிந்துலை, பூண்டுலோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். கற்றுக்கொண்டவற்றில் பல, தோட்டத்தில் இருக்கும் எவரும் கருவி எதுவுமின்றிச் செய்து பார்க்கக்கூடியவை. மரபுரிமையைக் காப்பது பற்றிப் பேசும் நண்பர்களும் மண்சரிவைப் பற்றிப் பேசும் நண்பர்களும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். மலையகத்தில் இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள் அல்ல.

முதலில் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழையவை. சார்னோகைட், கார்னெட் கலந்த நைஸ், குவார்ட்சைட், இடையிடையே சலவைக்கல். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மடிந்து, நெளிந்து உருவானவை. இலங்கையின் நிலம் மூன்று படிகளாக உயர்கிறது என்று 1929இல் எடுத்துச் சொன்னவர் எஃப். டி. ஆடம்ஸ். அந்தப் படிகள் நிலம் துண்டு துண்டாக மேலே தூக்கப்பட்டதால் வந்தவை என்று பின்னர் விளக்கியவர் டி. என். வாடியா. 1938இலிருந்து சில ஆண்டுகள் அவர் இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பணியாற்றினார். பிற்காலத்து ஆய்வாளர்கள் பலர் அந்த விளக்கத்தோடு உடன்படவில்லை. எனக்கும் அதில் கேள்விகள் உண்டு. ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போகிறவர் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலே படிகள் தெரியும். கடினமான பாறை வரிசை ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் இடங்களில் அருவி விழுகிறது. மென்மையான பாறை கிடக்கும் பக்கமாக ஆறு பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. டெவன் அருவியும் சென். கிளேயார் அருவியும் கொத்மலை ஓயாவைச் சேர்ந்த நீர் இப்படிப் படி இறங்கும் இடங்கள்தான்.

பாறைகள் அடுக்கடுக்காக ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பதால், பெரும்பாலான மலைகளுக்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தில் பாறை அடுக்கின் சாய்வும் சரிவின் சாய்வும் ஒன்றாகவே இறங்கும். மறுமுகத்தில் பாறை வெட்டுண்டு சுவராக நிற்கும். அந்தச் சுவரிலிருந்து காலங்காலமாக உதிர்ந்த கல்லும் மண்ணும் அடிவாரத்தில் குவிந்து கிடக்கும். நான் சொல்லும் ‘சமதரை’ பல இடங்களில் அந்தக் குவியலின் முதுகுதான். ஒரு காலத்தில் மலை சரிந்து வந்து நின்ற இடம் அது. மண் தளர்வாக இருப்பதால் மழைநீர் உள்ளே இறங்கும், கீழே பாறையில் தட்டி ஊற்றாக வெளிவரும். தட்டை நிலமும் வற்றாத ஊற்றும் ஒருங்கே அமைந்ததன் காரணம் அதுதான். தோட்டங்களைத் திறந்தவர்கள் அந்த இடங்களைத் தேடிப் பிடித்து லயம் கட்டினார்கள். தேயிலைக்குச் சரிவு, ஆட்களுக்குத் தட்டை, அவ்வளவுதான் கணக்கு.

இதை நான் கண்ணால் கண்டது ஒரு லயத்தின் பின்புறம், மலசலகூடத்துக்குக் குழி தோண்டியபோது. குழியின் சுவரில் மண் அடுக்கடுக்காக இருக்கவில்லை. சிவந்த களிமண்ணுக்குள் கற்கள் தலைகீழாகவும் குறுக்காகவும் சிக்கிக் கிடந்தன. சில கைப்பிடி அளவு, ஒன்று ஆட்டுக்குட்டி அளவு. எல்லாவற்றுக்கும் கூர் மூலைகள். ஆற்றோடு வந்த கல் என்றால் உருண்டு உருண்டு மழமழவென்று ஆகியிருக்கும். இவை உருளவே இல்லை, மேலேயிருந்து மண்ணோடு சேர்ந்து வழுக்கி வந்தவை. குழி தோண்டிய அண்ணனிடம் ஒரு கல்லைக் கொடுத்து மேலே தெரியும் பாறைச் சுவரைக் காட்டினேன். இரண்டிலும் ஒரே சிவப்புப் புள்ளிகள், கார்னெட். அவர் கல்லையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியென்றால் இது மேலே இருந்த கல்லா?” என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதும் அறிக்கையின் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

ஆகவே முதல் பாடம்: உங்கள் லயத்தைச் சுற்றி எங்கே குழி வெட்டினாலும், பாதை அகலப்படுத்தினாலும், வெட்டுச் சுவரை மூடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். கல் உருண்டையா, கூரா? களிமண்ணுக்குள் தாறுமாறாகக் கிடக்கிறதா? பக்கத்தில் ஓர் அளவுகோலோ தீப்பெட்டியோ வைத்து ஒரு படம் எடுத்து, திகதியும் இடமும் எழுதி வையுங்கள். ஆய்வுக்கு வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அந்தத் தோட்டத்திலேயே இன்னொன்றையும் கவனித்தேன். லயங்கள் இருந்தது குவியலின் மேல். மாடசாமியும் முனியாண்டியும் இருந்தது சற்றுத் தள்ளி, பாறை வெளியே தெரியும் ஒரு முனையில். தோட்டத்தின் பக்கத்துப் பிரிவிலும் அப்படியே. காரணம் கேட்டபோது, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி சொன்னார்: “சாமியைக் கல்லில்தானே மகள் வைக்க முடியும்? மண்ணில் வைத்தால் மழைக்குப் போய்விடாதா?” லயம் கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்தச் சனத்துக்கு உரிமை இருக்கவில்லை, தோட்டத் துரை காட்டிய இடத்தில் இருந்தார்கள். ஆனால் சாமிக்கு இடம் பார்த்தவர்கள் அவர்களே. கைக்கு வந்த அந்த ஒரே தெரிவில் அவர்கள் உறுதியான பாறையைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். நான் பார்த்த எல்லாத் தோட்டங்களிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஓடையோரக் கோயில்களும் உண்டு, பெருமரத்தடிக் கோயில்களும் உண்டு. ஆனாலும் ஒரு புதிய தோட்டத்துக்குப் போனால் நான் முதலில் கோயில்களைத்தான் வரைபடத்தில் குறிக்கிறேன். பாறை எங்கே நிற்கிறது என்று பல நேரம் அவை காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

மண்சரிவு என்றதும் எங்கள் நெஞ்சில் வருவது 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், ஏனென்றால் போவதற்கு அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லை. வரைபடத்தில் சிவப்பு நிறம் தீட்டுவது என் போன்றவர்களின் வேலை. சிவப்பு நிறத்துக்குள் இருப்பவருக்கு வேறோர் இடம் கொடுக்காவிட்டால் அந்த நிறத்தால் பயனில்லை. இதை நான் கூட்டங்களில் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பது உயிர் காக்கும். தரையில் பிறை வடிவில் வெடிப்பு விழுவது. நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுவது. தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, அல்லது நின்றுபோவது, அல்லது இல்லாத இடத்தில் புதிதாகத் தண்ணீர் கசிவது. நிழல் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்வது. இவற்றில் ஊற்றை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். மண்ணுக்குள் நடப்பதைத் தண்ணீர்தான் முதலில் வெளியே சொல்கிறது. பீலிக்குப் போகிற பெண்கள்தான் அதை முதலில் காண்கிறார்கள். அவர்கள் சொன்னால் அந்த நிமிடமே கிராம உத்தியோகத்தருக்குத் தெரிவிக்க ஒரு ஏற்பாடு ஒவ்வொரு பிரிவிலும் இருக்க வேண்டும். கான்கள் என்ற வடிகால்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் கான் வெட்டுக்கென்றே ஆட்கள் போவார்கள். இப்போது பல மலைகளில் கான்கள் தூர்ந்து, புல் மூடிக் கிடக்கின்றன. ஓடிப்போக வேண்டிய தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. அடிவாரக் குவியலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

மழையளவுக்கு வருகிறேன். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது நாட்டில் கையாளப்படும் அளவுகோல். வானொலிச் செய்தியில் வருவது மாவட்டத்து மழை. உங்கள் தலைக்கு மேல் பெய்வது வேறாக இருக்கும், ஒரே தோட்டத்தின் மேல் பிரிவிலும் கீழ்ப் பிரிவிலும் மழை வித்தியாசப்படும். அடியும் வாயும் ஒரே அகலமாக, நேர்ச்சுவராக உள்ள ஒரு போத்தலையோ தகரத்தையோ திறந்த வெளியில் மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில் வையுங்கள். உள்ளே எத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதோ அத்தனை மில்லிமீற்றர் மழை. வளைந்த அடியுள்ள போத்தலானால் அடியில் சிறிது சீமெந்து ஊற்றிச் சமப்படுத்திக் கொள்ளுங்கள். காலையில் ஒரே நேரத்தில் அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும்.

இந்த அளவு எடுக்கும் பழக்கம் மலையகத்துக்குப் புதிதல்ல. தோட்ட ஆபீஸ்களில் மழைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. தினந்தோறும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவார்கள். பழைய புத்தகங்களில் அங்குலத்திலும் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கிலும் இருக்கும். ஓர் ஆபீஸில் ஐயா ஒருவர் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தோல் அட்டை, முதுகு கழன்றிருந்தது, ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. உள்ளே மை மங்கிய நீல நிறத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு எண். சில நாட்களுக்கு எதிரே ஓரிரு சொற்கள்: பாலம் போயிற்று, எட்டாம் நம்பர் மலையில் சரிவு, பாதை அடைப்பு. ஒரு நிலவியல் ஆய்வாளருக்கு இது புதையல். எவ்வளவு மழைக்கு எந்த மலை அசைந்தது என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து எடுக்க முடியும். அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கினால் இன்றைய அளவோடு ஒப்பிடலாம். அந்த ஆபீஸில் இருந்து வெளியே வந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மலையகத்தின் மரபுரிமை என்று பட்டியல் போடும்போது பாலங்களையும் பங்களாக்களையும் ரயில் நிலையங்களையும் எழுதுகிறோம். இந்த மழைப் புத்தகத்தை ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஆற்றுக்குள் இறங்கினால் இன்னொரு பதிவேடு கிடக்கிறது. கொத்மலை ஓயாவின் ஒரு வளைவில் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். வெள்ளையாகக் குவார்ட்ஸ், இடையே இளஞ்சிவப்பாகக் கார்னெட், கருப்பாக இல்மனைட். கையைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாக ஆட்டினால் வெள்ளை கழுவிப்போய், கனமான சிவப்பும் கருப்பும் உள்ளங்கை ரேகைகளில் தங்கும். அந்தக் குவார்ட்ஸ் மணியில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேல்மட்டத்தில் உள்ள குவார்ட்சைத் தாக்கும்போது பெரிலியம்-10 என்ற அணு மிகச் சிறிதளவு உண்டாகிறது. மணி எவ்வளவு காலம் மேற்பரப்பில் இருந்ததோ அவ்வளவு அதிகமாகச் சேரும். மண் வேகமாக அரிபட்டால் குறைவாகச் சேரும். இந்த முறையில் மேல் மகாவலிப் படுகையை அளந்து, இலங்கை ஆய்வாளரும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு என்னை உலுக்கியது. காடு மூடிய சரிவில் இயற்கையாக அரிபடுவது ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் வரைதான். மனிதர் கை வைத்த சரிவுகளில் அது 10 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை. மண் உருவாகும் வேகத்தைவிட இத்தனை மடங்கு வேகத்தில் அது ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

பெரிலியம் அளக்க வெளிநாட்டு ஆய்வுகூடம் வேண்டும். தேயிலைச் செடியை அளக்க ஒரு அடிமட்டம் போதும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய மலைகளில் செடியின் வேர்க்கழுத்து தரைக்கு மேலே அந்தரத்தில் நிற்பதைக் கவ்வாத்து வெட்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நட்ட நாளில் அந்தக் கழுத்து மண்மட்டத்தில் இருந்தது. இன்று தரையிலிருந்து கழுத்து வரை உள்ள உயரம் இத்தனை காலத்தில் போன மண்ணின் தடிப்பு. பல செடிகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும், கான் ஓரத்துச் செடிகளை விட்டுவிட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துப்போய் இதைச் செய்வது எனக்குப் பிடித்த வேலை. தங்கள் பாட்டனார் நட்ட செடி ஓர் அளவுகருவி என்று தெரிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு நாள் போதாது.

போகிற மண்ணோடு வேறு பொருட்களும் போகின்றன. ஆற்றோரத் திட்டுகளில் பழைய மயானங்கள் இருக்கின்றன. ஆறு தன் வளைவின் வெளிக்கரையை அரித்துக்கொண்டே போகும், அது அதன் இயல்பு. பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு மயானத்தின் ஓரத்தில் செங்கல் சமாதி ஒன்று பாதி அந்தரத்தில் நின்றது. பெயர் எழுதிய பக்கம் ஆற்றை நோக்கி இருந்தது. அந்தப் பெயரைப் படித்து எழுதுவதற்கு நான் மறுகரைக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு குடும்பத்தின் சாட்சி. காணி உறுதி இல்லாத சனத்துக்கு இந்த மண்ணில் எழுத்தில் இருக்கும் பழைய பெயர்ப் பதிவு பல இடங்களில் சமாதிக் கல் மட்டும்தான்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதைத்தான் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் கைமாறிய நாள் அது. எங்கள் மூதாதையர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். ஆகவே அவர்கள் கட்டிய எதுவும் அந்த வரையறைக்குள் தானாக வராது. பிற்காலத்தவற்றையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாகத் தனியே அறிவிக்க இடமுண்டு. ஆனால் அதற்கு யாராவது ஆவணத்தோடு போய்க் கேட்க வேண்டும். 2023இல் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். நடந்த பாதையின் கற்களில் எத்தனை ஆவணத்தில் இருக்கின்றன?

நிலவியலாளர் மரபுரிமையைக் குறித்து வைப்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பெரிய முன்னோடி உண்டு. சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. கலையறிஞராக உலகம் அறிந்த அவர், 1903இலிருந்து 1906வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் முதல் பணிப்பாளர். தோரியனைற் என்ற கனிமத்தைக் கண்டறிந்தவர். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குள் நடந்தவர், அங்கே கைவினைஞர்களின் வேலையைக் கண்டு அதையும் குறித்துக்கொண்டார். கண்டிக் கைவினைகள் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் எவ்வளவோ அந்த நடையின் பயன். அதே காலத்தில் அதே மலைகளின் லயங்களில் காமன் கூத்தும் தப்பும் பாறை முனைக் கோயில்களும் இருந்தன. அவற்றைக் குறிப்பது எங்களுக்கு விடப்பட்ட வேலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கம்பளைக்கு அருகே பழைய லயக் காம்பராக்களிலேயே அமைந்திருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற முயற்சிகள் எனக்குத் தெம்பூட்டுகின்றன.

எப்படிக் குறிப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் கைத்தொலைபேசியில் அமைவிடத்தை எடுத்துக்கொள்கிறேன். நான்கு திசையிலிருந்தும் படம், ஒன்றிலாவது அளவுகோல். பிறகு நிலத்தைப் பற்றி மூன்று வரி: கீழே பாறையா, குவியலா, ஆற்று வண்டலா? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? வெட்டோ வெடிப்போ இருக்கிறதா? அதன்பின் ஊரார் சொன்னது, யார் சொன்னார், எந்த லயத்தில் இருக்கிறார் என்பதோடு. மரபுரிமை ஆய்வுகளில் கட்டடத்தின் நீள அகலம் இருக்கும், கீழே இருக்கும் மண் இருக்காது. அந்த மூன்று வரி இருந்தால் எது அடுத்த பெருமழையைத் தாங்கும், எதை இந்த வருடமே பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தலாம். பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில் அந்த வரிசைதான் பாதி வேலை.

பழையதைத் திருத்துகிறோம் என்று கெடுப்பதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். சரிவின் மண்ணைத் தாங்கி நிற்கும் தோட்டத்துக் கல் கட்டுகளைக் கவனியுங்கள். சாந்து இல்லாமல் கல்லோடு கல் கோத்து, மலைப்பக்கம் சற்றே சாய்த்து அடுக்கியவை. இடுக்குகளில் பெரணி முளைத்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகும் அந்த இடுக்குகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கட்டின் உயிரே அந்த இடுக்குதான். பின்னால் தேங்கும் தண்ணீர் கன மீற்றருக்கு ஒரு தொன் எடை. அது வெளியேற வழி இருந்தால் கட்டு நிற்கும். ஒரு பாதைத் திருத்த வேலையில், ஒப்பந்தக்காரர் ஒருவர் அழகாக இருக்கட்டும் என்று அப்படியொரு கட்டு முழுவதையும் சீமெந்தால் பூசிவிட்டார். நீர்த்துளை ஒன்றுகூட விடவில்லை. நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த தென்மேற்கு மழையில் கட்டு நடுவில் வயிறு தள்ளி, வெடித்து, பாதையில் விழுந்தது. இரண்டு தலைமுறைக்கு மேல் நின்ற கட்டு. பூசித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றடிக்கு ஒரு குழாயாவது வைத்து, பின்னால் சரளை நிரப்புங்கள். பூசாமல் விட்டால் இன்னும் நல்லது. விழுந்த கல்லை எடுத்து அதே இடத்தில் அடுக்கத் தெரிந்த தாத்தாமார் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு இளைஞரை உட்கார்த்தி வையுங்கள்.

கோயில்களுக்கும் இதையே சொல்கிறேன். சூலமும் கல்லும் இருந்த இடத்தில் கொங்கிரீட் கோபுரம் எழுப்ப ஆசைப்படுவது தவறில்லை. நல்ல நிலையில் கோயில் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் பாறை முனையின் விளிம்பில் பாரம் ஏற்றுவதற்கு முன் அந்தப் பாறையில் பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். பழைய மூலக்கல்லை அசைக்காமல் விட வேண்டும். படம் எடுக்காமல் எதையும் இடிக்கக் கூடாது.

இடம்பெயர்வு வரும்போது இது இன்னும் அவசரமாகிறது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போயிற்று. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் சிதைவுகள் வெளியே வருகின்றன. மக்கள் திரண்டு போய்ப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சேறு கொஞ்சம் கூடியிருக்கிறது, சுவர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூழ்குவதற்கு முன் ஒவ்வொரு தெருவையும் அளந்து வரைந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்தக் கரையில் நிற்க முடிந்ததில்லை. இன்று மண்சரிவு ஆபத்தால் லயங்களைக் காலி செய்யும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறிய மஸ்கெலியா. உயிர்தான் முதலில், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பட்டியல் போடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு தலையெண்ணும்போது, கோயில், மயானம், பீலி, பள்ளிக்கூடம், பெருமரம் ஆகியவற்றையும் அதே தாளில் எழுதலாம். புதிய இடத்தின் வரைபடத்தில் சாமிக்கும் மயானத்துக்கும் நிலம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் அந்தத் தாளை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதியைக் கோயில் சபை வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் குழு மழைப் புத்தகங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறது. உங்கள் தோட்டத்து ஆபீஸில் ஒன்று இருந்தால், அதை வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை. ஐயாவிடம் அனுமதி கேட்டு, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், பழைய மை அதில் தெளிவாக விழுவதில்லை. மழைமானி முன்பு எங்கே இருந்தது, இடம் மாற்றினார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் எடுத்துவிட்டு ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். எட்டாம் நம்பர் மலை எது என்று காட்டக்கூடியவர் இன்னும் லயத்தில் இருக்கும்போதே அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை அந்த மலைக்கு நடந்து, சரிந்த தடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.